ஐம்பது நாள் பால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நாலு வயது மகள் யாழினி மிட்டாய் தின்றதால் அவளுக்குச் சர்க்கரை நோய் வரவில்லை. அவள் வயிற்றில் இருந்தபோது நான் மாம்பழம் தின்றதாலும் வரவில்லை. யார் கண்ணும் படவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு காரணம் சொல்லிவிட்டு, பிள்ளை கையில் பிஸ்கட் பாக்கெட்டையும் திணித்துவிட்டுப் போனார்கள். சர்க்கரை வந்து படுத்திருக்கிற பிள்ளைக்கு க்ரீம் பிஸ்கட். வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இப்போது அவள் வீட்டில் விளையாடிக்கொண்டிருக்கிறாள். நானும் இரண்டு மாதமாக வேலைக்குப் போகவில்லை. எங்களைப் போல் பட்டாசுக் கம்பெனிக்குப் போகும் பெண் யாராவது இதைப் படித்துவிட்டு, தன் பிள்ளைக்கு இப்படி ஆகும்போது என்னை விடச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினால் போதும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்களுக்கு ஊர் எம். புதுப்பட்டி. நான் பூச்சட்டி வாணத்துக்கு மருந்து அடைக்கிற வேலை பார்க்கிறேன். வெடிக்குள் வைக்கும் வேதிப்பொடியைத்தான் எங்கள் பக்கம் மருந்து என்பது. என் வீட்டுக்காரர் முருகேசன் வேறொரு கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றுகிறார். காலையில் கம்பெனி வேன் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவேன். பிள்ளையை அடுத்த தெருவில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அக்கா பேச்சியம்மாள் பார்த்துக்கொள்வார். நான் அவரை மதினி என்று கூப்பிடுவேன்.

சித்திரை மாதத்தில் யாழினி தண்ணீர் கேட்க ஆரம்பித்தாள். குடம் குடமாகக் குடித்தாள் என்றே சொல்லலாம். எங்கள் ஊர் வெயிலில் யார்தான் குடிக்கவில்லை? படுக்கையில் ஒன்றுக்குப் போவதை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது, மறுபடியும் போக ஆரம்பித்தாள். நான் இரண்டு அடி வைத்தேன். அவள் ஒன்றுக்குப் போன மூலையில் எறும்பு மொய்த்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எறும்புப் பொடி வாங்கிப் போட்டேன். பிள்ளையின் உடம்பிலிருந்து சர்க்கரை வெளியேறிக்கொண்டிருப்பதை எறும்பு கண்டுபிடித்தது, பெற்றவள் கண்டுபிடிக்கவில்லை. அந்த அடியை நினைத்தால் இன்றும் என் கையை நானே வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நன்றாகச் சாப்பிட்டாள், ஆனாலும் இளைத்துக்கொண்டே போனாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. வைகாசி பிறந்ததும் ஒருநாள் வாந்தி எடுத்தாள், வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். மறுநாள் காலையில் மூச்சு வாங்கியது. ஓடி வந்தவள் மாதிரி ஆழமாக, வேகமாக வாங்கியது. வாயில் அழுகிய பழத்தின் வாசம் அடித்தது.

இங்கேதான் நாங்கள் தப்புப் பண்ணினோம். எங்கள் பகுதியில் யாருக்கு மூச்சு வாங்கினாலும் முதலில் நினைவுக்கு வருவது மருந்து நெடிதான். என் நகக்கண்ணில் அலுமினியப் பவுடர் எப்போதும் மினுங்கும். குளித்தாலும் போகாது. என் சேலையிலிருந்துதான் பிள்ளைக்கு நெடி ஏறிவிட்டது என்று மதினி சொன்னார், நானும் நம்பினேன். பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த டாக்டர் வாயைத் திறப்பதற்குள் நானே முந்திக்கொண்டு, பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கிறேன், நெடி ஏறிவிட்டது என்று சொல்லிவிட்டேன். அவரும் ஆமாம் என்றார். மூக்கில் மூடி வைத்து, மூச்சுத் திணறலுக்கான மருந்தைப் புகையாக இழுக்க வைத்தார்கள். பிள்ளை சோர்ந்திருக்கிறாள் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

குளுக்கோஸ் என்றால் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை பொங்கி வழிகிற பிள்ளைக்கு பாட்டில் கட்டிச் சர்க்கரை ஏற்றினார்கள். விரலில் ஒரு குத்து குத்தி ஒரு சொட்டு ரத்தம் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அரை நிமிட வேலை. நான் நெடி என்று சொன்னேன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், மருந்து அடைக்கிறவள். அவர் டாக்டருக்குப் படித்தவர். நான் சொன்னதை அவர் எதற்காக நம்ப வேண்டும்?

பாதி பாட்டில் ஏறுவதற்குள் யாழினிக்குக் கண் சொருகியது. கூப்பிட்டால் திரும்பவில்லை. அதற்குப் பிறகுதான் விருதுநகருக்குக் கொண்டு போங்கள் என்றார்கள்.

விருதுநகர் ஆஸ்பத்திரியில் வாசலிலேயே ஒரு நர்ஸ் அவள் வாய்க்குக் கிட்டே குனிந்து மோந்து பார்த்தார். உடனே விரலைக் குத்திச் சின்ன மிஷினில் வைத்தார். மிஷினில் எண் வரவில்லை, ‘ஹை’ என்று மட்டும் வந்தது. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கெடவில்லை. அந்த மிஷின் காட்டக்கூடிய எல்லையைத் தாண்டிச் சர்க்கரை போனால் அப்படித்தான் வருமாம்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நடந்தது என்னவென்று எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். வயிற்றுக்குள் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் சில அணுக்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் இருந்தால்தான் நாம் தின்றது ரத்தத்திலிருந்து உடம்புக்குள் போகும். கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் சக்தி, சில பிள்ளைகளுக்கு ஆள் தெரியாமல் அந்த இன்சுலின் அணுக்களையே அழித்துவிடுகிறது. பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை வேறு, இது வேறு. இதற்கு மாத்திரை கிடையாது, ஊசிதான். இன்சுலின் இல்லாமல் போனதும் உடம்பு கொழுப்பை எரிக்கிறது. அப்போது ரத்தத்தில் அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தை வெளியே தள்ளத்தான் அவளுக்கு அப்படி மூச்சு வாங்கியது. நெடியும் இல்லை, சளியும் இல்லை.

ஒரு கையில் உப்புத் தண்ணீர் ஏறியது, இன்னொரு கையில் இன்சுலின் ஏறியது. சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால் மூளை வீங்கிவிடும் என்று கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார்கள். மணிக்கு ஒரு தடவை விரலில் குத்து. வாய் வழியாகத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கண் விழித்ததிலிருந்து அவள் கேட்டது அதை மட்டும்தான்.

“அம்மா, ஒரு வாய் தண்ணிம்மா. நான் சேட்டை பண்ண மாட்டேன்மா.”

தண்டனை கொடுக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினேன். அந்தப் பஞ்சைக் கடித்து உறிஞ்சினாள். 

நாலாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். உயிர் தப்பிவிட்டது என்று நான் மூச்சு விட்ட நேரத்தில் ஒரு சின்ன டாக்டர் தாளும் பேனாவுமாக வந்தார். குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, என்னென்ன தடுப்பூசி, எத்தனை கிலோவில் பிறந்தாள் என்று வரிசையாகக் கேட்டார். தாய்ப்பால் எத்தனை மாதம் என்றார்.

ஐம்பது நாள் என்றேன்.

அதற்குப் பிறகு என்ன கொடுத்தீர்கள் என்றார். பசும்பால் என்றேன். எழுதிக்கொண்டார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் நின்றார், மதினி நின்றார். மதினி சும்மா இருக்காமல், அதனாலதான் இது வந்துச்சா சார் என்று கேட்டார். அவர் அடுத்த கட்டிலுக்கு நடந்துகொண்டே பதில் சொன்னார்.

“அப்படியும் சொல்றாங்க.”

அவ்வளவுதான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யார் சொல்கிறார்கள், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள், ஒன்றும் கிடையாது. அந்தப் பிள்ளையாண்டான் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது அதை மறந்திருப்பார். எனக்கு அது தலையெழுத்தாகிவிட்டது.

அன்றிலிருந்து வார்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் மதினி காரணம் சொன்னார். தாய்ப்பால் கொடுக்காமல் சீசன் வேலைக்கு ஓடினாள், டாக்டரே சொல்லிவிட்டார் என்றார். வந்தவர்கள் என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். திருத்தங்கலில் இருந்து வந்த என் சொந்தச் சித்தியே, கொஞ்ச நாள் பொறுத்திருக்கலாம்ல என்றாள். என் வீட்டுக்காரர் அந்த நேரமெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்றதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட ஆத்திரம். ஏனென்றால் அந்த ஐம்பதாவது நாளில் நடந்தது அவருக்குத் தெரியும்.

நடந்தது இதுதான். யாழினி ஆனி மாதம் பிறந்தாள். ஆவணியில் எங்கள் கம்பெனி போர்மேன் பைக்கில் வீட்டுக்கே வந்தார். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடக்கிறது, ஆள் இல்லை, இந்த வாரம் வராவிட்டால் உன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவேன் என்றார். தீபாவளி கழியட்டும், பிள்ளை இன்னும் கழுத்துகூட நிற்கவில்லை என்றேன். என் வீட்டுக்காரர் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். போயிட்டு வா மாரி, அக்கா பாத்துக்கிடும் என்றார். இரண்டாவது தடவையும் சொன்னார். மூன்றாவது தடவை குரலை உயர்த்திச் சொன்னார். நான் போனேன்.

பிள்ளையைக் கம்பெனிக்குள் கொண்டு போக முடியாது. அது நியாயம், வெடி செய்கிற இடம். ஆனால் கேட்டுக்கு வெளியிலாவது பிள்ளைகளை வைத்துக்கொள்ள ஓர் அறை கட்டலாம் அல்லவா? கட்டவில்லை. பேறுகால லீவு என்றால் போர்மேன் காதில் விழாது. பத்து மணிக்கெல்லாம் எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். ஜாக்கெட் நனைந்துவிடும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் படக் கூடாது, சூடேறித் தீப்பிடிக்கும். அதனால் ஈர ஜாக்கெட்டோடு மருந்து அடைக்கும் செட்டுக்குள் வராதே என்று போர்மேன் என்னை வெளியே நிறுத்தினார். அத்தனை பேர் முன்னால் நின்றேன். செட்டுக்குப் பின்னால் போய்ச் சுவரோரம் பாலைப் பீய்ச்சி மண்ணில் விட்டேன். இரண்டு நாள் அப்படி நடந்தது. மூன்றாம் நாள், இப்படியே ஒழுகிக்கொண்டு வந்தால் வர வேண்டாம் என்றார்.

அன்று சாயங்காலம் மதினி மல்லிகைப்பூ வாங்கி வந்தார். எங்கள் பக்கம் பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். பிள்ளை இறந்து பிறந்த பெண்களுக்குக் கட்டுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை உயிரோடு தொட்டிலில் அழுதுகொண்டிருக்க எனக்குக் கட்டினார்கள். மதினிதான் கட்டினார், கட்டும்போது அவரும் அழுதார். ஒரு வாரத்துக்குள் பால் நின்றுபோனது. பிறகு பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, மதினி மடியில் கிடத்திச் சங்கில் ஊற்றினார். பிள்ளை அவர் கையில்தான் வளர்ந்தாள்.

இது முழுவதையும் அந்தச் சின்ன டாக்டரின் தாளில் எழுத இடம் இல்லை. ஐம்பது நாள், பசும்பால், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. போர்மேன் இல்லை, அடுப்படி இல்லை, மல்லிகைப்பூ இல்லை. படிக்கிறவனுக்கு நான் ஒருத்திதான் தெரிவேன்.

வார்டின் பெரிய டாக்டர் ஐம்பது வயதுப் பெண். ஊசி போடக் கற்றுக்கொடுக்க நர்ஸோடு வந்தார். நான் ஊசியை விட்டுவிட்டு அதைத்தான் கேட்டேன். பால் நிறுத்தியதால் வந்ததா, ஆமாவா இல்லையா, ஒரே சொல்லில் சொல்லுங்கள் என்றேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“ஒரே சொல்லுல வராதும்மா. பசும்பால் சீக்கிரம் குடுத்த பிள்ளைகளுக்கு இது கொஞ்சம் கூட வருதோன்னு ரொம்ப நாளா சந்தேகம் இருக்கு. சில ஆராய்ச்சியில ஆமான்னு வந்திருக்கு, சிலதுல இல்லைன்னு வந்திருக்கு. பசும்பால் சத்தை ஒடைச்சுப் பண்ணுன பால் மாவைக் குடுத்துப் பாத்தாங்க, அப்பவும் நோய் குறையல. பிறவியிலேயே அந்தத் தன்மை இருக்கணும், அது மேல இன்னும் என்னென்னவோ சேரணும். உங்க பிள்ளைக்கு எதனாலன்னு என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது.”

“அப்ப என்னால இல்லைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க டாக்டர்.”

“அப்படி எழுத முடியாதும்மா. ஆனா உங்களாலதான்னு சொல்ல ஒருத்தருக்கும் உரிமை இல்லை. தாய்ப்பால் நல்லது, ஆயிரம் விஷயத்துக்கு நல்லது. அதுக்காக இதை உங்க தலையில கட்ட முடியாது.”

நல்ல மனுஷி. பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது, உண்மையைச் சொல்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது ‘இல்லை’ என்ற ஒரு சொல். அதைக் கொண்டுபோய் மதினி முகத்தில் எறிந்திருப்பேன். ‘சொல்ல முடியாது’ என்பதை வைத்துக்கொண்டு எங்கள் தெருவில் யாரோடு சண்டை போடுவது?

ஊசி போடக் கற்றுக்கொண்டேன். முதலில் ஆரஞ்சுப் பழத்தில் குத்தினேன், பிறகு பிள்ளையின் தொடையில். ஒரு நாளைக்கு நாலு தடவை. சாப்பிடுவதற்கு முன்னால் விரலைக் குத்திப் பார்த்து, அளவு எடுத்து, போட வேண்டும். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் விட்டாலும் ஆபத்து. சர்க்கரை ஒரேயடியாக இறங்கி வேர்க்கும், கை நடுங்கும், உளறுவாள். அப்போது உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டும். வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. மண்பானைக்குள் ஈர மணல் போட்டு இன்சுலின் குப்பியை வைத்திருக்கிறேன், ஊசி கற்றுக்கொடுத்த நர்ஸ் சொன்ன வழி. என் வீட்டுக்காரருக்கு ஊசியைப் பார்த்தாலே கை உதறுகிறது. மூட்டை மூட்டையாக லோடு ஏற்றுகிற கை. மதினியோ நான் ஊசியை எடுத்ததும் வெளியே போய்விடுவார். அவளைக் குத்துறதைப் பாக்க என்னால ஆகாது என்பார். எனக்கு மட்டும் ஆகுமா?

பன்னிரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகும் மதினி பேச்சை நிறுத்தவில்லை. தண்ணீர்க் குழாயடியில் சொன்னார், கோயிலில் சொன்னார். நான் எதிரில் வந்தால் நிறுத்திக்கொள்வார். அது இன்னும் எரிச்சல்.

ஆடி பிறந்ததும் ஆஸ்பத்திரிக்குத் திரும்பக் காட்டப் போனோம். நான், என் வீட்டுக்காரர், பிள்ளை மூன்று பேர்தான். சர்க்கரைப் பிள்ளைகளுக்கென்று தனி நோட்டுப் போடும் நர்ஸ் ஒருவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். தாய்ப்பால் எத்தனை மாதம் என்ற இடம் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். நர்ஸ் இரண்டு தடவை கேட்டார்.

“அம்பது நாள் சிஸ்டர்,” என்றார் என் வீட்டுக்காரர். “அதுக்கு மேல நான் விடல. அவ மாட்டேன்னுதான் சொன்னா. நான்தான் வேலைக்கு அனுப்புனேன்.”

 நர்ஸ் ‘ஐம்பது நாள்’ என்று மட்டும் எழுதினார். என் மனசு இறங்கியது என்று நீங்கள் நினைத்தால் அது இல்லை. நாலு வருடம் கழித்து, எங்களை யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம் சொல்கிறார். அதனால் எனக்கு என்ன வந்தது? பஸ் ஸ்டாண்டில் வைத்து மதினிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து அவர் கையில் கொடுத்தேன். அங்கே சொன்னதை இங்கே சொல்லுங்கள் என்றேன். பஸ் ஒன்று வந்தது, நான் அவரை ஏற விடவில்லை. அடுத்த பஸ்ஸும் போனது.

“அக்கா,” என்றார் கடைசியில். “பிள்ளைக்குப் பால நிப்பாட்டச் சொன்னது நான்தான். இனிமே அவளை ஒண்ணும் சொல்லாத.”

  அந்தப் பக்கம் மதினி அழுகிற சத்தம் கேட்டது. அந்த அழுகையை நான் ஆஸ்பத்திரியில்கூடக் கேட்டதில்லை.

“நீ சொன்ன, அவ போனா. பசும்பால ஊத்துனது நான்ல்லாடா. பூவை வச்சுக் கட்டுனதும் நான், மடியில போட்டு ஊத்துனதும் நான். அந்த டாக்டரு சொன்னதுல இருந்து இந்தக் கையால ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு. வேற யாரு மேலயாவது போட்டாத்தான் நான் உசுரோட இருப்பேன் போல இருந்துச்சு.”

அவர் அழட்டும் என்று விட்டேன். எனக்கும் அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். மூன்று பேரும் பழியை ஒருவர் தலையில் ஒருவர் கட்டிக்கொண்டிருந்தோம். போர்மேன் அன்று காலையில்தான் எனக்குப் போன் போட்டிருந்தார். ஆடி பிறந்துவிட்டது, ஆர்டர் வந்துவிட்டது, எப்போது வருகிறாய் என்று கேட்டார். பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. போகாமல் இருக்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மதியம் ஒரு ஊசி இருக்கிறது. நான் வேலைக்குப் போனால் அதைப் போட எங்கள் வீட்டில் ஆள் கிடையாது.

நான் போனை வாங்கினேன்.

“மதினி, அழுதது போதும். கையைக் கழுவிட்டு இருங்க, வந்துர்றேன். இன்னைக்கே ஊசி போடப் பழகணும். திங்கக்கிழமை நான் வேன் ஏறணும்.”